தூரக்கண்ணாடி இல்லாத தூரக்கண்ணாடி அண்ணை

ஒரு தூரக்கண்ணாடிகூடச் சொந்தமாக இல்லாமல் 'தூரக்கண்ணாடி' என்று பட்டம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் வேலணையில் எங்கள் கந்தோரில் சாமான் வாங்கும் பகுதிக்குக் கிளாக். மூன்று கடையின் விலைக் கொட்டேசன் இல்லாமல் குண்டூசியும் வாங்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய் மனைவி திரேசக்கா, கடலேரிக்கு வரும் பூநாரைகளைக் கிட்டத்தில் பார்க்க ஒரு தூரக்கண்ணாடி வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

அண்ணை தெரிவு செய்யத் தொடங்கி இரண்டு மாரிகாலம் போயிற்று. பூநாரைகள் வந்தன, மேய்ந்தன, போயின. கொட்டேசன்கள் மட்டும் கோவைக்குள் தாள் தாளாகக் கூடிக்கொண்டிருந்தன.

இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. திரேசக்காவுக்குக் கைநடுக்கம். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். வருடத்துக்கு வருடம் அது கூடியது. இந்த மாரியையும் விட்டால் அடுத்த மாரிக்கு அவரால் கண்ணாடியைத் தூக்கவே ஏலாமல் போகும் என்று அண்ணைக்குப் பயம்.

கனடாவிலிருந்து மைத்துனர் இருபது மடங்கு பெருப்பிக்கும் ஒன்றை அனுப்பினார். கந்தோரே வாயைப் பிளந்தது. அண்ணை முகத்தைச் சுளித்தார்.

"இருபது மடங்கெண்டால் பறவையை மட்டுமோ பெருப்பிக்கும்? நடுக்கத்தையும் எல்லோ பெருப்பிக்கும்! இதைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும்."

"அப்ப எத்தினை மடங்கு நல்லது அண்ணை?" என்று கேட்டேன்.

"ஏழு, எட்டுக்கு மேலை போகாதையும். பாரம் குறைய வேணும், வெளிச்சம் வடிவா வரவேணும், மூக்குக்கண்ணாடியோடை பாத்தாலும் முழு வட்டமும் தெரியவேணும். விலையைப் பாத்து மயங்கப்படாது."

கடைக்குள் நின்று பார்த்தால் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான், ஆடிக்கொண்டு பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும் என்பது அவர் கட்சி. யாழ்ப்பாணக் கடையில் கெஞ்சி மூன்றை இரவல் வாங்கினார். குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு கண்ணாடிக்கு ஒரு பயணம். அவர் அலையில் ஆடி ஆடி அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். நான் சத்தி எடுக்காத குறை.

இறங்குதுறையில் பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மூண்டு தரம் வந்திட்டீர். ஒருக்காலெண்டாலும் இறங்கி அம்மனைக் கும்பிட்டீரே?"

"நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், அக்கா. ஆனா உங்கடை கோபுரத்தை என்னைப்போலை ஒருத்தரும் வடிவாப் பாத்திருக்கமாட்டினம்."

கடைசியில் மூன்றாவது வென்றது. ஏழு மடங்கு, நடு விலை, கைக்கு அடக்கமான சாமான்.

ஒரு காலைப்பொழுது கடலேரியைக் கடக்கும் பாலத்து வீதியோரம் மூவரும் போய் நின்றோம். கடலேரியில் பூநாரைகள் நின்றன. திரேசக்கா கண்ணாடியைத் தூக்கினார். அந்தக் கைகளுக்கு முன்னால் நயினாதீவு லோஞ்சின் ஆட்டம் ஒன்றுமே இல்லை.

"ஒண்டும் பிடிபடுதில்லையப்பா. எல்லாம் ஒரே கலங்கலாக் கிடக்கு" என்றார், மெல்லமாக. கண்ணாடியை இறக்கிவிட்டார்.

இரண்டு வருடக் கோவையும் வீண் என்று நினைத்தேன்.

அண்ணை சப்பாத்தைக் கழற்றினார். கரைக் கல்லில் இறங்கி முழங்கால் தண்ணீரில், பூநாரைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேலே நின்ற அக்காவின் முழங்கைகளுக்கு அவருடைய தோள் சரியான உயரம்.

"ரெண்டு முழங்கையையும் என்ரை தோளிலை ஊண்டும். இப்ப பாரும்."

"மூச்சு விடாதேங்கோப்பா, ஆடுது!"

அண்ணை கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தார்.

"ஐயோ, சொண்டு நுனி கறுப்பு! ஒண்டு காலை மடிச்சுக்கொண்டு நிக்குது... குஞ்சும் நிக்குதப்பா! நீங்கள் பாக்கேல்லையே?"

"எனக்கென்ன அவசரம்? நீர் ஆறுதலாப் பாரும்" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, திரும்பவும் கன்னத்தை உப்பிக்கொண்டார்.

ஐம்பதுக்கு மேல் நின்றனவாம், அக்கா எண்ணிச் சொன்னார். எனக்குத் தெரியாது. நான் அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.