மூன்றாம் பாகத்துக்காரர்

மனிதர்களில் மூன்றாம் பாகத்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எந்தத் தொடராக இருந்தாலும், அது எத்தனை பாகம் வந்திருந்தாலும், மூன்றாவது பாகத்தோடு உலகத்தில் நல்லதெல்லாம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கம்பெனிக்காரன் காசு பார்ப்பதற்காகச் செய்த மோசடி என்று நெஞ்சிலடித்துச் சொல்கிறவர் இவர். முதல் பாகம்? "அது சும்மா பிள்ளையார் சுழி." இரண்டாவது? "கை பழகிக்கிட்டான்." மூன்றாவது? கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை ஓடாது.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. பெயர் செந்தமிழ்செல்வன். டைல்ஸ் கடையில் மேனேஜர். வீடு கட்டுகிறவர்கள் வந்து, "போன தடவ பாத்தமே, பூப்போட்டது, அது இல்லீங்களா?" என்று கேட்டால், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், "அந்த டிசைன நிறுத்திட்டாங்க சார். புதுசுதான் சார் நல்லாருக்கு. ரெண்டு நாள் பழகிட்டீங்கன்னா புடிச்சிடும்" என்று சொல்லி, புதுசை வண்டியிலும் ஏற்றிவிடுவார். அவர் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் போன மழைக்காலத்திலிருந்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. தினமும் பைக்கை இறங்கித் தள்ளிக்கொண்டு போவாரே தவிர, ஏன் மூடவில்லை என்று ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் ‘வெல்ட்ரான்’ என்கிற வீடியோ கேமின் எட்டாம் பாகத்தில் குதிரையை எடுத்துவிட்டுப் படகைக் கொடுத்தார்கள் பாருங்கள், அன்றைக்குச் சாயங்காலமே கடல் தாண்டி இருக்கிற கம்பெனிக்கு மெயில் போனது. பதில் வரவில்லை என்று இன்னொன்று போனது. அதற்கும் பதில் வரவில்லை என்பதையே ஆதாரமாக வைத்து மூன்றாவது போனது.

வெல்ட்ரான் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஒரு வீரன், ஒரு வாள், ஒரு குதிரை. கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். குதிரைக்குக் கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாததால் மஞ்சக்குப்பத்துப் பையன்கள் அந்தக் காலத்திலேயே அதற்கு முத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். எட்டாம் பாகத்தில் அந்த வீரனுக்கு வயதாகித் தாடி வந்துவிட்டது. வாளை அவன் மகள் எடுத்துக்கொண்டாள். கோட்டைக்குப் பதில் தீவு, குதிரைக்குப் பதில் படகு. தாடியை செந்தமிழ்செல்வன் மன்னித்தார். மகளையும், "இருந்துட்டுப் போவட்டும்" என்று பெருந்தன்மையாக விட்டார். முத்து விஷயத்தில்தான் முடியவில்லை. மூன்றாம் பாகத்தின் முடிவிலேயே அந்தக் குதிரை செத்துப்போய்விட்டது என்று கம்பெனி அறிவித்ததே, அதை எந்த நல்ல மனுஷனால் தாங்க முடியும்?

சரி, எட்டை விளையாடிப் பார்த்தீர்களா என்று கேட்டால், "வெஷம்னு தெரிஞ்சிக்கறதுக்கு குடிச்சிப் பாக்கணுமா?" என்பார். இந்த இனத்தார் விளையாடுவது குறைவு. நேரம் எங்கே இருக்கிறது? விளையாட்டைக் காப்பாற்றுகிற வேலையே ஜாஸ்தி.

அந்த வேலை நடக்கிற இடம் வாட்ஸப். ‘வெல்ட்ரான் வெறியர்கள், கடலூர் மாவட்டம்’ என்று ஒரே குழுவாகத்தான் இருந்தது. எட்டு வந்த வாரத்தில் கடலூர்க்காரர்கள் குதிரைக் கோஷ்டி, சிதம்பரத்துக்காரர்கள் படகுக் கோஷ்டி என்று இரண்டாயிற்று. குதிரைக் கோஷ்டி கோபித்துக்கொண்டு தனியாகப் போய் ‘ஒரிஜினல் வெல்ட்ரான் வெறியர்கள்’ ஆனது. அதில் அறிவழகன் என்று ஒருவர், நாலாம் பாகத்தில் மியூசிக் மட்டும் பரவாயில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். உடனே அதுவும் உடைந்து ‘உண்மையான ஒரிஜினல்’ பிறந்தது. அதில் இப்போது செந்தமிழ்செல்வனைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம்பரை மாற்றிவிட்டதாகப் பேச்சு.

இதெல்லாம் கூட ஊர் வழக்கம் என்று விட்டுவிடலாம். படகுக் கோஷ்டியின் தலைவர் யார் என்பதில்தான் வினையே இருந்தது. அவர் இளவரசு. சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மஞ்சக்குப்பத்தில் செந்தமிழ்செல்வனுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து விளையாடியவர். சும்மா வாய்ப்பழக்கத்தில் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், செந்தமிழ்செல்வனின் தங்கை இலக்கியாவை இளவரசு கட்டிக்கொண்டதும் நிஜமாகவே மச்சான் ஆனார்கள். அந்த மச்சான்தான் குழுவில் எழுதினார்: "எட்டு நல்லாத்தாண்டா இருக்கு மச்சான். படகுல போறப்ப மூஞ்சில காத்து அடிக்கிற மாதிரியே இருக்கு. ரெண்டு நாள் பழகிட்டீன்னா புடிச்சிடும்."

செந்தமிழ்செல்வனுக்கு ரத்தம் கொதித்தது. ஊரில் யார் வேண்டுமானாலும் இதை எழுதலாம், இளவரசு எழுதலாமா? மூன்றாம் பாகத்துக்கு ஒரே சாட்சி அவர்தானே!

அது எப்படி என்றால், அந்தப் பிரவுசிங் சென்டரில் இருந்தது காப்பி போட்ட சிடி. கடைசிக் கோட்டையின் பாலத்தில் முத்துவின் மேல் ஓர் அம்பு பாயும். அத்தோடு படம் உறைந்து நின்றுவிடும். கம்ப்யூட்டரைத் தட்டினாலும் சரி, சிடியைச் சட்டையில் துடைத்துப் போட்டாலும் சரி, மஞ்சக்குப்பத்தில் ஒருவர்கூட அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை. இளவரசு மட்டும் பாண்டிச்சேரியில் சித்தப்பா வீட்டுக்குப் போய், நல்ல சிடியில் முழுக்க முடித்துவிட்டு வந்து, மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து முடிவைச் சொன்னார். அம்பு பட்ட முத்து ஆற்றில் விழுகிறது. வீரன் கரையில் உட்கார்ந்து அழுகிறான். விடிகிற நேரத்தில் அக்கரையிலிருந்து முத்து நீந்திக்கொண்டு வருகிறது.

இப்போது யூடியூபில் எல்லா முடிவும் கிடைக்கிறதே என்கிறீர்களா? செந்தமிழ்செல்வன் பார்க்காமல் இருப்பாரா? பார்த்தார். அதில் முத்து ஆற்றில் விழுகிறது, வீரன் திரும்பி நடக்கிறான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. "அது பின்னால மாத்துனது. ஒரிஜினல கம்பெனிக்காரன் அழிச்சிட்டான். ஒரிஜினல கண்ணால பாத்தவரு எங்க மச்சான், அவர கேளுங்க" என்று உலகத்துக்கே சவால் விட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்தச் சாட்சி பல்டி அடித்துப் படகில் ஏறினால் மனுஷன் எங்கே போவார்?

பேச்சை நிறுத்தினார். தங்கைக்குக் கொண்டுபோக வேண்டிய பொங்கல் சீரை அம்மா அமிர்தத்தின் கையில் கொடுத்துச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இளவரசுவும் வீம்புக்குக் குறைந்தவர் இல்லை. வாட்ஸப்பில் படகுப் படமாகவே வைத்தார். இப்படியே சித்திரையும் வந்துவிட்டது. ஒருநாள் செந்தமிழ்செல்வன் கடையில் இருக்கும்போது இலக்கியா போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு ஸ்ரீமுஷ்ணத்துல மொட்ட போட்டு காது குத்துறோம். வந்துடு."

"வர்றேன். உங்க வூட்டுக்காரர ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லு."

"என்னா வார்த்த?"

"படகு நல்லால்லன்னு."

"ஏண்ணா, கொழந்த காதுக்கும் படகுக்கும் என்னாண்ணா இருக்குது?"

"இது கொள்கைம்மா."

"அப்ப கொள்கையோட மஞ்சக்குப்பத்துலயே இரு. பெரியம்மா மவன் சிலம்பரசன் அண்ணன் வர்றாரு, அவுரு மடியில உக்கார வச்சி குத்திக்கறோம். அவுரும் மாமன் மொறதான்."

போன் வைக்கப்பட்டது. செந்தமிழ்செல்வன் டைல்ஸ் அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தாய்மாமன் மடி! பாப்பா வெண்மதி பிறந்தபோது அப்பனுக்கும் முந்தி ஆஸ்பத்திரியில் கையில் வாங்கியவர் அவர். இப்போது அந்த இடத்துக்கு ஆள் மாற்றம். அவருக்குப் பதில் இவர். ஆல்பத்தில் காலாகாலத்துக்கும் சிலம்பரசன் மடி இருக்கும். பிள்ளை வளர்ந்து பார்த்து, இதுதான் எப்போதும் இருந்த மாமன் என்று நினைத்துக்கொள்ளும். மனசு நிஜமாகவே வலித்தது. குதிரைக்காகக்கூட இவ்வளவு வலித்ததில்லை. அடுத்த நிமிஷம் அவருக்குள் இருந்த மூன்றாம் பாகத்துக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார். ஒரிஜினல் உயிரோடு இருக்கும்போது மாற்றா? விட்டுவிடுவதா?

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடையும் கம்மலும் வாங்கிக்கொண்டு அவர் ஸ்ரீமுஷ்ணம் கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, சிலம்பரசன் சப்பணம் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். மடியில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வெண்மதி.

"எழுந்திரிடா."

"இருக்கட்டும்ண்ணா, எனக்கு ஒண்ணும் செரமம் இல்ல. பாப்பாவும் பழகிடுச்சி."

"எழுந்திரிடான்னா!"

அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டார். சிலம்பரசன் எழுந்தார், செந்தமிழ்செல்வன் உட்கார்ந்தார், பிள்ளை மடி மாறியது. எதிரே இளவரசு நின்றுகொண்டு கோபுரத்தை இதுவரை பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். செந்தமிழ்செல்வனும் அதே மாதிரி ஒரு தூணைப் பார்த்தார்.

ஆசாரி ஊசியை எடுத்ததுதான் தாமதம், வெண்மதி மண்டபமே அதிரும்படி கத்த ஆரம்பித்தாள். வாழைப்பழம் காட்டினார்கள், போன் காட்டினார்கள், சிலம்பரசன் குரங்கு மாதிரி முகத்தைக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "கத சொல்லுங்க, சீக்கிரம்" என்று இலக்கியா புருஷனை இடித்தாள். இளவரசு குழந்தைக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அவசரமாக ஆரம்பித்தார்.

"முத்து கததானே? சொல்றேன் சொல்றேன், அழாத. முத்துவுக்கு அம்பு பட்டுச்சா... ஆத்துல வுழுந்துச்சா... அப்பறம் காலைல முத்து படகுல ஏறி..."

அழுகை பட்டென்று நின்றது.

"இல்ல! நீந்தி!"

"சரிடா கண்ணு, இன்னிக்கி மட்டும் படகுல..."

"படகு இல்ல! நீந்திதான் வரும்! மொதல்ல சொன்ன மாதிரியே சொல்லு!"

அந்தக் கோபத்திலேயே ஒரு காது குத்தி முடிந்துவிட்டது. பிள்ளைக்கு அது தெரியவே இல்லை. செந்தமிழ்செல்வன் ஆனந்தத்தில் மடியோடு ஒரு குலுக்குக் குலுக்கினார். "அப்படிக் கேளுடி என் தங்கம்! பாத்தியாடா, பச்சப்புள்ள சொல்லுது. ஒரிஜினல பாத்துட்டு வந்து மாத்திச் சொல்ற!"

மாதக்கணக்கில் பேசாத வாய் பேசியதும் இளவரசுவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் பாக்கலடா மச்சான்."

"என்னா பாக்கல?"

"பாண்டிச்சேரிக்கே போவலடா. சித்தப்பா வூட்ல அப்ப கம்ப்யூட்டரே கெடையாது. பாலத்துல நின்னுபோன அன்னிக்கி நீ மைதானத்துல உக்காந்து அப்படி அழுத. முத்து செத்துடுச்சின்னு சோறு எறங்கல ஒனக்கு. ஒங்கம்மா எங்க வூட்டு வாசல்ல வந்து, என்னாடா ஆச்சு என் புள்ளைக்கின்னு கேட்டாங்க. அதான் நானா நீந்த வச்சேன்."

அமிர்தம் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அத்தனை மெயில், அத்தனை குழு, அத்தனை சண்டை. இவன் நமக்காகக் கட்டிய கதையைக் காப்பாற்றுவதற்காக இவனோடேயே பேசாமல் இருந்திருக்கிறோம் என்பது செந்தமிழ்செல்வனுக்குள் மெல்ல மெல்ல இறங்கியது. கண் கலங்கிவிட்டது. பிள்ளையின் மொட்டைத் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நான் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். இனம் இனம்தானே ஐயா.

"அப்ப அத எழுதுனது நீதானா?" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆமாண்டா."

"எழுதுனவனா இருந்தாலும் மாத்தறதுக்கு ஒனக்கு உரிமை கெடையாது மச்சான். முத்து நீந்திதான் வரும்."

வெண்மதி மாமன் பக்கம் திரும்பி, இருக்கிற ஒற்றைக் கம்மல் ஆடத் தலையாட்டினாள். ஆசாரி, "இன்னொரு காது இருக்குதுங்க" என்று நினைவுபடுத்தினார். இந்தத் தடவை கதையைச் செந்தமிழ்செல்வன் சொன்னார். பாலத்தில் பாய்ந்த அம்பு, ஆற்றின் இழுப்பு, கரையில் நனைந்த மணல், அக்கரையில் முதலில் தெரிந்த இரண்டு காதுகள் என்று, அன்றைக்கு மைதானத்தில் கேட்டதை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார். இரண்டாவது காதும் முடிந்தது. இளவரசு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதில் பாதியை அவரே மறந்துபோயிருந்தார்.

சாப்பாட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புளிசாதம் முடிவதற்குள் படகைப் பற்றி மறுபடி சண்டை வந்துவிட்டது. இலக்கியா இரண்டு பேர் இலையிலும் தயிர்சாதத்தைப் போட்டு வாயை அடைத்தாள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். சீரியலில் மருமகளுக்குப் பதில் வேறு மருமகள் வந்த அன்றைக்கு டிவியைப் பார்த்துத் திட்டியது யார்? காபித்தூள் பாக்கெட்டின் நிறம் மாறியதும் ருசியே போய்விட்டது என்று வீட்டில் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது யார்? போகட்டும், ஒத்துக்கொள்ள வேண்டாம். இந்த இனத்தில் ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. உங்களிடமும் ஒரு முத்து இருக்கும்; யார் என்ன சொன்னாலும் அது நீந்திதான் வந்தது என்று நீங்கள் சண்டை போடுவீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். முதன்முதலில் உங்களுக்காக அதை நீந்த வைத்தவர் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அநேகமாக, இப்போது நீங்கள் பேசாமல் இருப்பது அவரோடுதான்.