ஜீப்புக்கு ஊத்தின பச்சை

காலையில காய் எடுக்குற ஆளுகளை ஜீப்புல ஏத்தணும். போடிமெட்டு மலை ஏறி நம்ம ஏலக்காய்த் தோட்டத்துல இறக்கணும். அன்னைக்கு எனக்கு இருந்த சோலி அம்புட்டுத்தான்.

டிரைவர் கொழுந்தியா கல்யாணத்துக்குப் போயிட்டாரு. "நானே ஓட்டிக்கிறேன், இதென்ன பெரிய விசயம்"னு வீட்டுல வீறாப்பா சொல்லிட்டேன்.

ஜீப்பு எங்கப்பா காலத்து வண்டி. மேடு ஏறுனா சூடாகும். அதுக்காக மெக்கானிக் ரேடியேட்டர்ல ஏதோ கூலன்ட் ஊத்தி வச்சிருந்தாரு. அவரு பாட்டுக்கு ஊத்தினாரு, வண்டி பாட்டுக்கு ஓடுச்சு. நான் சும்மா இருந்திருக்கணும்!

முந்தின வாரம் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். கூலன்ட் குறைஞ்சிருந்துச்சு. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, உள்ள இருந்தது ரோஸ் கலர்ல இருந்துச்சு.

நான் ஏலக்காய்க்காரன். எங்களுக்குப் பச்சைதான் உசுரு. காய் நல்ல பச்சையா இருந்தா ஏலத்துல போட்டி போட்டு எடுப்பாங்க. நாள்பட்டு வெளுத்துப்போச்சுன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அதனால, நல்லாப் பச்சையா இருந்த கூலன்ட்டுதான் வெளுத்து ரோஸாப் போச்சுன்னு நானே முடிவு கட்டிட்டேன்.

நேரா போடியில ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"அண்ணே, கூலன்ட் ஒரு கேன் குடுங்க. நல்ல பச்சையாப் பாத்துக் குடுங்க."

"உள்ள என்ன கலர் இருக்கு?"

"ரோஸ்."

"அப்ப ரோஸ்தான ஊத்தணும்? ரெண்டும் வேற வேற மருந்துண்ணே. ஒண்ணுக்கொண்ணு சேராது."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "பொறந்ததுல இருந்து பச்சைக்காய்க்குள்ளயே கெடக்குறேன். எனக்கா கலர் சொல்லித் தர்றீக? பச்சைன்னா ஒண்ணாம் நம்பர். எடுங்க!"

அவரு கேனை எடுத்து வச்சுட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து ரேடியேட்டர் கழுத்து வரைக்கும் ஊத்தினேன். ரெண்டு நாள் கழிச்சு டிரைவர், "வண்டி முன்னவிட சூடாகுதுண்ணே"ன்னாரு. "புது மருந்து, வேலை செய்யுது"ன்னேன். பாவம், அவரும் நம்பிட்டாரு.

இப்ப அன்னைக்குக் காலைக்கு வருவோம். தோட்டத்துல காய் பழுத்து நிக்குது. மழை வேற வர்ற மாதிரி இருக்கு. அன்னைக்கு எடுக்கலேன்னா செடியிலயே வெடிச்சுப் போகும். ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஆளுகளைக் கூட்டிட்டு வர்ற பேச்சியம்மாகிட்ட ஒரு வாரமா கெஞ்சி அந்த ஒரு நாளை வாங்கியிருந்தேன்.

எங்க பக்கம் எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. காலையில யாரு ஜீப்பு ஆளுகளை மலையேத்துதோ, அன்னைக்கு அவங்க தோட்டத்துலதான் வேலை. மறுபேச்சே கிடையாது. பேச்சியம்மாவும் மத்த பொம்பளையாளுகளும் தூக்குச்சட்டியோட ஏறுனதும் எனக்குப் பாதி மூட்டை ரொம்பிட்ட மாதிரி இருந்துச்சு.

அடிவாரத்துல முந்தல் ஊரைத் தாண்டி மேடு ஆரம்பிச்சுது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. சூட்டு முள்ளு சிவப்புக்கோட்டுக்குப் போயிருச்சு.

"மொதலாளி, ஏதோ கருகுற வாடை வருது"ன்னு பின்னாடியிருந்து பேச்சியம்மா.

"அது எஸ்டேட்ல தீ போட்டிருப்பாங்க"ன்னேன்.

"அந்த எஸ்டேட்டு உங்க பானட்டுக்குள்ளயா இருக்கு? பொகை அங்கேயிருந்துல்ல வருது!"

வண்டியை ஓரங்கட்டினேன். ஆறட்டும்னு காத்திருந்து, துணியைப் போட்டு மூடியைத் திறந்தேன். உள்ள ரோஸும் இல்ல, பச்சையும் இல்ல. காவிக் கலர்ல கெட்டியா என்னமோ நின்னுச்சு. குச்சியை விட்டுக் கிண்டினேன். குச்சி சாயாம நின்னுச்சு!

பேச்சியம்மா எட்டிப் பாத்துச்சு. "ஆத்தாடி, கேப்பைக்கூழு! நான் கிண்டுனாக்கூட இம்புட்டுப் பதமா வராது."

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"என்ன ஊத்துனீகண்ணே?"

"பச்சை."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டுச்சு.

"ரோஸோட பச்சையைக் கலந்தா அப்படித்தான் உறையும். ரேடியேட்டர் முச்சூடும் அடைச்சிருக்கும். இனிமே ஓட்டாதீக, இஞ்சினே போயிரும். மத்தியானத்துக்கு மேல வந்து கட்டி இழுத்துட்டு வர்றேன்."

போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தது அப்பத்தான் எனக்கு உறைச்சுது. பேச்சியம்மா இடுப்புல கை வச்சு நின்னுச்சு.

"தெனமும் எங்க கூடையைக் கிளறிக் கிளறிப் பாப்பீக. 'பிஞ்சைக் கலக்காத, பழுத்ததோட சேக்காத'ன்னு உசுரை எடுப்பீக. இங்க வந்து நீங்க கலந்து வச்சிருக்கீகளா?"

ஜீப்பே குலுங்குற மாதிரி சிரிப்பு. எனக்கு அழுகை வராத குறை.

வீட்டுல இருந்து போன் வந்துச்சு. என் சம்சாரம்.

"மெக்கானிக் சொன்னாரு. பேசாம இருங்க, எங்கண்ணன் வண்டி பின்னாலதான் வருது. கை காட்டுங்க."

"வேணாம்! யாரு வேணும்னாலும் வரட்டும், உங்கண்ணன் மட்டும் வேணாம்!"

காரணம் இருக்கு. மச்சான் தோட்டமும் என் தோட்டமும் வேலிக்கு வேலி. அவருக்கும் காய் பழுத்து நிக்குது, ஆள் கிடைக்காம அலையுறாரு. அதோட, அவரு புது ஜீப்பு எடுத்தப்ப, "மேடு ஏறத் தெரியாதவன்தான் புது வண்டி வாங்குவான்"னு எல்லாரு முன்னாடியும் சொல்லி வச்சிருந்தேன்.

சொல்லி வாய் மூடல, வளைவுல ஹாரன் சத்தம். வெள்ளை ஜீப்பு. மச்சான் தலையை நீட்டினாரு.

"என்ன மாப்ளே, வண்டிக்குக் கூழு காய்ச்சி ஊத்துறீகளாம்ல?"

விசயம் அதுக்குள்ள அங்க போயாச்சு. சம்சாரம்தான், வேற யாரு?

நான் பேச்சியம்மாவைப் பாத்தேன். அது மச்சான் ஜீப்பைப் பாத்துச்சு.

"கோவிச்சுக்காதீக மொதலாளி. ரோட்டுல குத்த வச்சிருந்தா எங்க நாள் கூலி போயிரும்ல" அப்படின்னுட்டு தூக்குச்சட்டியை எடுத்துச்சு. ஒவ்வொருத்தரா ஏறுனாங்க. நானும் ரோட்டோரக் குரங்குகளும் மட்டும் மிச்சம்.

"ஒத்தையில உக்காந்து என்ன செய்யப் போறீக? வெரசா ஏறுங்க மாப்ளே"ன்னாரு மச்சான். முன்சீட்டுல இடமில்ல. பின்னாடி படியில தொங்கிக்கிட்டே மலையேறினேன். மேட்டுல அந்தப் புது வண்டி ஒரு முக்கல் முனகல் இல்லாம ஏறுச்சு. அதுதான் ரொம்ப வலிச்சுது.

மச்சான் தோட்டத்துல எல்லாரும் இறங்கினாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் என் காய் பழுத்து நிக்குது. கண்ணுல பாக்கலாம், கைதான் எட்டாது. மறுநாள் அடிச்ச மழையில அதுல பாதி வெடிச்சுக் கொட்டிப் போச்சுங்கிறது தனிக் கதை.

"சும்மா நிக்காதீக"ன்னு பேச்சியம்மா என் கையில ஒரு கூடையைத் திணிச்சுது. அன்னைக்கு என் தோட்டத்துக்கு ஒரு ஆளும் வரல. மச்சான் தோட்டத்துல மட்டும் ஒரு ஆள் கூடுதல்.

சாயங்காலம் கூடையைக் கொண்டுபோய் வச்சேன். பேச்சியம்மா உள்ள கையை விட்டுக் கிளறுச்சு. அடியில இருந்து ஒரு பிஞ்சை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுது. நல்ல பச்சைப் பிஞ்சு.

"இதுலயுமா மொதலாளி?"