பேனா கொடுத்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் பவளக்கொடி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். குடியிருந்த வளை ஓடைக்குப் பக்கத்தில். போன ஐப்பசி மழையில் வளைக்குள் கழுத்தளவு தண்ணீர் வந்துவிட்டது. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடலாம் என்றால் முதுகெல்லாம் முள். ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மேட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. அடுத்த மழைக்கு முன்னால் குவார்ட்டர்ஸ் கொடுக்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அந்தக் காட்டில் வேலை ஆலோசனை மையம் ஒன்று இருந்தது. ஆலோசகர் ஒரு நத்தை. பக்கத்துக் காட்டில் மூன்று நாள் பயிற்சிக்குக் கிளம்பியவர், போய்ச் சேரவே மூன்று மாதம் ஆனதால், பயிற்சி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். பாவம் என்று சான்றிதழை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

நத்தை மேடம் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உங்க பலம் என்னம்மா?"

"முள்ளுதான் மேடம். நூத்திப் பன்னெண்டு இருக்கு."

"பலவீனம்?"

"யாராச்சும் ஒண்ணு கேட்டா, இல்லைன்னு சொல்ல வாய் வராது."

"இன்னும் அஞ்சு வருஷத்துல எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

"ஈரமில்லாத இடத்துல."

நத்தை மேடம் கொம்பை ஆட்டிச் சிரித்தார். "எல்லாரும் ஏன் வீடு வீடுன்னு அலையிறீங்கன்னே எனக்குப் புரியல. என்னைப் பாருங்க, வீட்டை முதுகுலயே வச்சிருக்கேன். கொஞ்சம் திட்டம் போட்டு வாழணும்மா."

படிவத்தைப் படிக்க அவருக்கு எட்டு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. பவளக்கொடிக்கு ஏற்றது காவல் வேலை. கிழங்குக் கிடங்கில் இடம் காலி. பாறை மேல் குவார்ட்டர்ஸ். வியாழக்கிழமை நேரில் வந்து முள்ளை எண்ணிக் காட்ட வேண்டும். நூற்றுக்குக் குறையக் கூடாது.

வியாழக்கிழமை குட்டிகளுக்குக் கிழங்கு ஊட்டி, வாய் துடைத்து, பக்கத்து வளை முயலிடம் விட்டுவிட்டு வந்தால், மையத்தில் வரிசை ஓடை வரைக்கும் நின்றது. எல்லார் கையிலும் படிவம். யார் கையிலும் பேனா இல்லை. மையத்தில் ஒரு பேனா இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது மேசைக்காலில் கட்டியிருந்தது. கயிறு மேசை மேல் எட்டாது. கீழே குனிந்து எழுதினாலும் எழுதாது.

முன்னால் நின்ற அணில் திரும்பியது. "அக்கா, ஒரு பேனா குடுங்களேன். பேர் மட்டும் எழுதிட்டுத் தந்துடறேன்."

பவளக்கொடி ஒரு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தாள். அணில் அதை மைக்கூட்டில் முக்கி எழுதியது. அழகாக எழுதியது. அதை மான் பார்த்தது. மானை மந்தி பார்த்தது. மந்தி எழுதி முடித்து, முள்ளைக் காதில் செருகிக்கொண்டு மரமேறிப் போயே போய்விட்டது. நரிக்கு இரண்டு வேண்டுமாம். "ஒண்ணு எழுத, ஒண்ணு ஸ்பேருக்கு" என்றது. பின்னால் நின்ற கரடி அழுத்தி அழுத்தி எழுதி மூன்றை உடைத்தது.

"உங்க முள்ளு ரொம்ப சன்னம்க்கா, தாங்கவே மாட்டேங்குது" என்று குறையும் சொல்லி நாலாவதை வாங்கிக்கொண்டது. வரிசையில் மிச்சமிருந்தவர்களும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்.

பவளக்கொடியின் முறை வந்தது. நத்தை மேடம் நிதானமாக எண்ணினார்.

"பத்தொம்பது."

"காலைல நூத்திப் பன்னெண்டு இருந்துச்சு மேடம்."

"காலைல இருந்ததை நான் எப்படிம்மா எண்ணுறது?"

காவல் வேலை, நகத்தை எண்ணிக் காட்டிய கரடிக்குப் போனது.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் ஒரு இடி. பவளக்கொடி நகரவில்லை.

"மேடம், மேசைக்கால்ல கட்டியிருக்கே, அந்தப் பேனா எழுதுமா?"

"அது எழுதி நாலு வருஷமாச்சு."

"அப்ப இன்னிக்கு இத்தனை படிவம் எப்படி மேடம் நிறைஞ்சுது?"

நத்தை மேடம் இரண்டு கொம்பையும் உள்ளே இழுத்து யோசித்தார். அவளுடைய பழைய படிவத்தைத் திரும்ப எடுத்தார். 'பலவீனம்' என்று இருந்த தலைப்பை அடித்துவிட்டு, அதே இடத்தில் 'பலம்' என்று எழுதினார். இதற்கும் அவளுடைய முள்தான் ஒன்று செலவானது.

அன்றைக்கே உத்தரவு வந்தது. அதைச் சுவரில் ஒட்டப் பசை தேவைப்படவில்லை, நத்தை மேடம் ஒருமுறை ஊர்ந்தாலே ஒட்டிக்கொள்ளும். பதவி: பேனா வழங்கும் அலுவலர். குவார்ட்டர்ஸ்: மையத்துக்குப் பின்னால், மேட்டு மரத்தின் பொந்து.

மறுநாள் காலை முதல் ஆளாக அணில் வந்தது.

"அக்கா, ஒரு பேனா."

பவளக்கொடியின் கை பழக்கத்தில் முதுகுக்குப் போனது. அங்கே பதினெட்டுதான் இருந்தது. அதுவும் தீர்ந்தால் பதவி போகும், பதவி போனால் பொந்து போகும். பொந்துக்குள் குட்டிகள் வயிறு காட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"பேனா விண்ணப்பம் எழுதிக் குடு கண்ணு" என்றாள்.

"எதால எழுதறது?"

"பேனாவாலதான்."

"பேனா இருந்தா உங்ககிட்ட நான் ஏன்க்கா வர்றேன்?"

"அதைத்தான் ஆறாவது கேள்விக்குப் பதிலா எழுதணும்."

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு முள்ளும் வெளியே போகவில்லை. தை பிறந்தபோது பவளக்கொடியின் முதுகில் நூற்றிருபது முள் பளபளத்தது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது: காட்டிலேயே கையிருப்பு குறையாத ஒரே துறை.

இப்படி ஒரு பொருத்தமான வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான் என்று அறிக்கை எழுத, நத்தை மேடமும் ஒரு பேனா கேட்டு வந்தார். அவருக்கும் படிவம் கொடுக்கப்பட்டது. வரிசையில் நிற்கிறார். ஓடை வரைக்கும் நிற்கிற வரிசையில் கடைசிக்குப் போய்ச் சேரவே அவருக்குப் பங்குனி ஆகும்.

நீதி: கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுத்தால் உன்னிடம் ஒன்றும் மிஞ்சாது, கொடுப்பதையே உத்தியோகமாக வாங்கிக்கொள், அப்புறம் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.