வெள்ளையாய்ப் போன அறுபத்துமூன்று கடிதங்கள்

பாகூர்
9-3-1988

பிரியமுள்ள மச்சான் அமீர் ஹம்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உன் அக்காள் நூருன்னிசாவும் அல்லாஹ் கிருபையால் சுகம். சென்னையில் நீயும் கைருன்னிசாவும் சுகமாக இருப்பீர்கள். இடது கண்ணில் கட்டோடு, தடிப் பேனாவால் எழுதுகிறேன். வரிகள் மேடு பள்ளமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கண் முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதம் அடிக்க நீ இரவல் கொடுத்த கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு புகார். யாருக்குக் கடிதம் அச்சானதோ அவர் பெயருக்குப் பக்கத்தில் அது ஒரு குறி போட்டுக்கொள்ளும், குறி விழுந்தவருக்கு மறுபடி அடிக்காது என்று நீதானே சொன்னாய்? முதல் நாற்பது பேருக்கு ஒழுங்காக அடித்தது. மறுநாள் அறுபத்துமூன்று பேருக்கு அடிக்கும்போது மை ரிப்பன் கழன்றுவிட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. மெஷின் தாலாட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தது; அது நிற்கும்போதெல்லாம் நீ காட்டிய பட்டனை நானும் தட்டினேன். தாள் மேல் தாளாக, மார்கழி மாதத்தில் ஏரிமேல் பனி இறங்குமே, அப்படி வெள்ளையாக வந்து என் மடியில் விழுந்தது. நானும் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். மச்சான், இரண்டு வருஷமாக எனக்கு எதுவுமே சரியாகத் தெரியாது. விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாக வானவில். வானம் எது, ஏரி எது என்று கரையில் நின்றால் பிரியாது. மேரி ஆபீஸில் முப்பது வருஷம் முனிசிபல் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கண் போய்விட்டது என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? அதனால் அந்தத் தாள்களை மடித்து, உன் அக்காள் விலாசம் எழுதி வைத்திருந்த உறைகளில் போட்டு அனுப்பிவிட்டேன்.

முகாமுக்கு முதல் நாள் காலையில் செலியமேட்டிலிருந்து காசம்மாள் வந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். கையில் கடிதம், கண்ணில் தண்ணீர்.

"பாய், நேத்து வரிக்கும் பெரிய எழுத்தாவது தெரிஞ்சிச்சி. இன்னிக்கி உங்க லெட்டர்ல ஒண்ணுமே தெரில. கண்ணு முழுசா பூடிச்சா?"

வாங்கினேன். மூக்கருகே வைத்தேன், வெயிலில் நீட்டினேன். வெறும் பனி. எனக்கும் முழுசாகப் போய்விட்டது என்று புரிந்தது. "எனக்கும் தெரிலம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதோம். உன் அக்காள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, ரெண்டு பேரும் வெள்ளத்தாள வெச்சிகினு அழுவுறீங்க?"

உடனே ஓடிப்போய் மறுபடி அடிக்கச் சொன்னேன். எல்லாருக்கும் அச்சாகிவிட்டது, இனி யாரும் பாக்கியில்லை என்று சாதித்தது உன் கம்ப்யூட்டர்; உன் அக்காள்தான் திரையைப் படித்துச் சொன்னாள். விடிந்தால் முகாம். எனவே விலாச நோட்டை எடுத்துக்கொண்டு உன் அக்காள் முன்னால் நடக்க, அவள் முந்தானை நிறத்தைப் பிடித்துக்கொண்டே நானும் காசம்மாளும் பின்னால் போனோம். வீடு வீடாக மன்னிப்புக் கேட்டேன். சம்மந்தம் என்பவர் அந்தத் தாளைச் சாமி படத்தடியில் வைத்திருந்தார்.

"கண்ணு தேறாதுன்னு எழுத உங்களுக்கு மனசு வரல, அதான் வெறுந்தாளா அனுப்பிட்டீங்கன்னு நெனச்சேன் பாய்" என்றார். அவர் கையைப் பிடித்து, நாளைக்கு முகாமுக்கு வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அறுபத்துமூன்று பேரும் வந்துவிட்டார்கள். ஒழுங்காக அச்சான நாற்பது பேரில் பாதிப்பேர் அறுவடை முடியட்டும் என்று வரவேயில்லை. டாக்டரம்மா வெள்ளைத்தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, "இத யாரு பிரிண்ட் பண்ணது?" என்றார். நான் எழுந்தேன். டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, மொதல்ல நீங்க படுங்க" என்றார். படுத்தேன். அடுத்த கட்டில் காசம்மாளுக்கு.

ஆகையால் மச்சான், உன் புரோகிராமைத் திருத்து. தட்டி முடித்ததுமே குறி போடலாமா? தாளில் எழுத்து விழுந்ததா என்று மனுஷனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? இவ்வளவு படித்து என்ன பிரயோசனம்!

அக்காளின் துஆவும் என் துஆவும் உங்கள் இருவருக்கும் என்றும் உண்டு.

இப்படிக்கு,
கௌஸ் பாஷா

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் இன்று கட்டை அவிழ்த்துத் தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். நேராகக் கம்ப்யூட்டரிடம்தான் போனேன். ஒரு தாள் அடித்தேன். திரையின் கடைசி வரியில், "எழுத்து சரியாக விழுந்ததா? குறி போடலாமா?" என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கிறது. "அது மொதல்லேர்ந்தே கேக்குதே, நீங்க படிச்சிட்டுதான் பட்டனத் தட்றீங்கன்னு நெனச்சேன்" என்கிறாள் உன் அக்காள். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் துஆவையும் மட்டும் எடுத்துக்கொள்.