கறுப்பு ஜன்னலில் மாட்டிக்கொண்ட மாமனார்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். கம்ப்யூட்டர் நலமா இல்லையா என்பதுதான் விளங்கவில்லை. அதனால் கையாலேயே எழுதுகிறேன்.

அது திறக்க அரைமணி எடுக்கிறது என்று போனில் சொன்னேன். “டிஸ்க்கில் ஃபைலெல்லாம் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும் மாமா, ஒழுங்காக அடுக்க ஒரு கட்டளை இருக்கு” என்றீர்கள். துண்டு துண்டாக என்றதுமே போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மனைவி நாலு வயதில் மழலையில் பாடியதெல்லாம் அதில்தானே இருக்கிறது! கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, நீங்கள் சொன்னபடி டிஃப்ராக், இடைவெளி, சி, முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு, யு என்று அடித்தேன். சாய்கோடு எந்தப் பக்கம் சாயணும்னு நீங்க சொல்லலையே! இந்தப் பக்கம் சாய்த்தால் திட்டுகிறது, அந்தப் பக்கம் சாய்த்தால் நிர்வாகிக்குத்தான் அனுமதி என்கிறது. உங்கள் அத்தையைக் கூப்பிட்டு, “இந்த வீட்டு நிர்வாகி யாருன்னு கேக்குதுடி” என்றேன். “இதெல்லாமா கேப்பாங்க? நான்தான்னு அடிங்க” என்றாள். அடித்தேன். அதற்கும் திட்டு. வலது பட்டனை அழுத்தி, நிர்வாகியாகத் திறக்கணும்னு கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆயிடுச்சு.

பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று ஏறி, நூறு வந்ததும் மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பிக்குது! அந்த நேரம் பார்த்து, ஃபேன் ஸ்விட்ச் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் மெயினை அணைக்கப் போனார். “ஐயோ, அணைச்சுடாதீங்க! குழந்தை உள்ளே துண்டு துண்டா கிடக்கு!” என்று கத்திவிட்டேன். மனுஷன் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுவிட்டு ஓடியவர்தான், உங்க அத்தை தெருமுனை வரை ஓடிப்போய் விளக்கம் சொல்லிக் கூட்டிவந்தாள். ஒருவழியாக முடிந்தது. பாட்டைப் போட்டேன், முழுசாகத்தான் பாடுகிறாள். ஆனால் முன்னாடியும் முழுசாத்தானே பாடினா? அப்போ இது எதை ஒட்ட வெச்சுது? திறக்க இன்னமும் அதே அரைமணி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நேரில் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை அடுக்கித் தரவும்.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு, வேகமான கம்ப்யூட்டரோடு வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: வர வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை வரச்சொன்ன கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருப்பது சுழலாத புது டிஸ்க்காம், இதை அடுக்கவே தேவையில்லையாம். மெதுவாக இருப்பதற்குக் காரணம், கம்ப்யூட்டர் கேட்டதற்கெல்லாம் ‘சரி, சரி’ என்று அழுத்தி நான் சேர்த்துவைத்த பதினேழு புரோகிராம்களாம். புது டிஸ்க் எப்படி வந்தது என்று உங்கள் அத்தையிடம் கேட்டால், போன வருஷமே உங்கள் மனைவி மாற்றி, பாட்டையெல்லாம் இதில் நகலெடுத்து வைத்துவிட்டு, பழையதை அசல் பாட்டோடு உங்கள் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாளாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. உங்களுக்காவது சொன்னாளா, மாப்பிள்ளை?