ஆறாம் வார்டில் நான்கு பிரசவம்

“உங்க ரிப்போர்ட்டை யார் சார் படிக்கிறாங்க? ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்க, போதும்.”

பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் இப்படிக் கேட்டது புள்ளிவிவரத்தைத்தான்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் புள்ளிவிவரம் என்றுதான் பெயர். ஒன்பது வார்டுகளின் தலைமை நர்சுகளும் காலையில் அவருக்குச் சீட்டு அனுப்புவார்கள். படுக்கையில் இத்தனை பேர், வீட்டுக்குப் போனவர் இத்தனை பேர், ஒரேயடியாகப் போனவர் இத்தனை பேர். அதைக் கம்ப்யூட்டரில் தட்டி, கூட்டி, பத்து மணிக்குள் இருபத்தாறு அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. மகள் பிறந்த அன்றுகூட ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுத்தான் குழந்தை முகத்தைப் பார்க்கப் போனார்.

இப்போது நிர்வாகம், ரிப்போர்ட் போடுகிற அத்தனை பேருக்கும், கணக்கைத் திரையில் படமாகக் காட்டும் டேஷ்போர்டு வடிவமைக்க ஐந்து நாள் பயிற்சி வைத்திருந்தது. தேறாதவர்களின் வேலை கம்ப்யூட்டருக்குப் போகும். அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். சுற்றறிக்கை இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருந்தது.

“இருபத்தாறு பேருக்குப் போகுது மேடம்.”

“போறது வேற, படிக்கிறது வேற சார். கலரும் படமும் அப்புறம். படிக்கிறவர் யாரு, படிச்சிட்டு என்ன முடிவு எடுக்கிறாரு, அது தெரியாம டேஷ்போர்டு போட முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தரைக் கண்டுபிடிங்க.”

இது ஒரு பெரிய விஷயமா என்று புள்ளிவிவரம் நேரே சூப்பிரண்டு டாக்டரிடம் போனார்.

“தினமும் படிக்கிறேனே! அதுவும் அந்த வட்டப் படம் இருக்கு பாருங்க, பிரமாதம்.”

ரிப்போர்ட்டில் வட்டமும் கிடையாது, சதுரமும் கிடையாது. ஆனாலும் கிடைத்தவரை லாபம் என்று சூப்பிரண்டு பெயரையே பயிற்சியாளரிடம் கொடுத்தார். அந்த அம்மாள் சும்மா இருந்தாரா? மறுநாள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சூப்பிரண்டைக் கேட்டுவிட்டார்.

“நேத்து ரிப்போர்ட்ல என்ன சார் கவனிச்சீங்க?”

“நல்ல முன்னேற்றம்” என்றார் சூப்பிரண்டு.

முந்தின நாள் இறந்தவர்கள் பதினொரு பேர். வழக்கத்தைவிட நாலு பேர் கூடுதல். பயிற்சிக்கு வந்திருந்த மருந்துக் கிடங்குக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். சூப்பிரண்டு வெளியே போகிற போக்கில் புள்ளிவிவரத்தின் காதருகே குனிந்தார்.

“என்னையே மாட்டி விட்டுட்டீங்கல்ல? வெள்ளிக்கிழமை பாத்துக்கறேன்.”

வீட்டில் மனைவியிடம் சொல்லி அழாத குறை.

“கொண்டாங்க, நான் படிக்கிறேன்” என்று அவள் காகிதத்தை வாங்கினாள். இரண்டு பக்கம் தள்ளினாள். “ஏங்க, இதுல குணமானவங்கன்னு யாருமே இல்லையா?”

“அதுக்குக் கட்டம் கிடையாது.”

“இத்தனை வருஷமாவா?” என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

புதன்கிழமை ஒரு யோசனை பிறந்தது. ரிப்போர்ட்டில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்தால் படிக்கிறவர் போன் பண்ணித் திட்டுவார் அல்லவா? திட்டுகிற வாய்தான் படிக்கிற கண். அப்படியே கையைப் பிடித்துப் பயிற்சியாளர் முன் நிறுத்திவிடலாம். அவர் தேர்ந்தெடுத்தது ஆறாம் வார்டு. ஆண்கள் வார்டு. வம்பு தும்பு இல்லாத இடம். இருபது கட்டில். சீட்டில் பத்தொன்பது என்றிருந்ததை நூற்றுத் தொண்ணூறு என்று போட்டார். கட்டிலுக்கு ஒன்பது பேர். மிச்சம் பத்துப் பேர் தரையில்.

நாள் முழுக்கப் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை மணி அடித்தது. பாய்ந்து எடுத்தார். ராங் நம்பர்.

வியாழக்கிழமை பயத்தை விட்டுவிட்டார். ஆறாம் வார்டில் பிரசவம் நான்கு என்று எழுதினார். தாயும் சேயும் நலம் என்று குறிப்பும் சேர்த்தார். இருபத்தாறு பேரில் ஒரு ஈ காக்கை அசையவில்லை. அன்று சாயங்காலம் அவருக்கு நெஞ்சு வலித்தது. நோய் இல்லை, துக்கம். தன் ஆயுளில் பாதியைக் கிணற்றில் போட்டுவிட்டதாக நினைத்தார். கல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லையே!

வெள்ளிக்கிழமை வேறு வழியின்றி எல்லார் முன்னும் உண்மையைக் கக்கினார். சூப்பிரண்டு துள்ளி எழுந்தார்.

“பொய்க் கணக்கா எழுதினீங்க? மெமோ கொடுக்கணும். படிக்கிற ஆளே இல்லாத ரிப்போர்ட் எதுக்கு? அதைப் போடுற ஆளு எதுக்கு?”

பயிற்சியாளருக்கே பாவமாகப் போய்விட்டது.

“சார், நாலு மணிக்குத் தேறினவங்க பட்டியலை மூடணும். இன்னும் அரை மணி நேரம் இருக்கு. யாராவது ஒருத்தர்?”

அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு நகல் வார்டுகளுக்கும் போகிறதே! ஆறாம் வார்டுத் தலைமை நர்சு தன் வார்டுக் கணக்கைப் பார்க்காமலா இருப்பார்? அந்த அம்மாளுக்கு அடக்கமான சுபாவம், அதனால் போன் பண்ணியிருக்க மாட்டார். புள்ளிவிவரம் விழுந்தடித்து ஓடினார். வழியில் விசாரித்ததில் ஊசி போடும் அறையில் இருக்கிறார் என்றார்கள். வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

“சிஸ்டர், நேத்து உங்க வார்டுல நாலு பிரசவம்னு எழுதியிருந்தேன். ஆம்பளைங்க வார்டுல! நீங்களாவது பாத்தீங்கல்ல? பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, என் வேலை பிழைக்கும்.”

தலைமை நர்சு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், அந்த வார்டை மூடிப் பதினாலு மாசம் ஆச்சு. நீங்களாவது கேப்பீங்களான்னு பாக்கத்தான் தினமும் பத்தொன்பதுன்னு எழுதி அனுப்பிக்கிட்டிருக்கேன்.”