பர்கண்டிக்குப் போய்த் துப்பினேன்

இனிமேல் குடிப்பதில்லை, கற்றுக்கொள்வது என்று ஒரு சனிக்கிழமை காலை முடிவெடுத்தேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். குடித்தால் மனைவி திட்டுவாள். கற்றுக்கொண்டால் சர்டிபிகேட் தருவார்கள். மற்றபடி சரக்கு ஒன்றுதான்.

பினாங்கில், கெலுகோரில் எங்கள் வீட்டில் அப்போது முழு மதுவிலக்கு. காரணம் நான்தான், மறுக்கவில்லை. என் நண்பர் கந்தப்பு அண்ணனின் மகள் கல்யாணம் ஒரு ஹோட்டலில் நடந்தது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபங்கள். நாலு கிளாஸுக்குப் பிறகு நான் கை கழுவப் போய்த் திரும்பும்போது கதவு மாறிவிட்டது. உள்ளே போனேன். மேடையேறினேன். மணமக்கள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன். மைக்கைப் பிடித்து முழுசாக ஒரு தேவாரமும் பாடினேன். அது சீனக் கல்யாணம். நல்ல மனுஷர்கள், கைதட்டினார்கள். மேசையில் உட்காரவைத்து எட்டு வகைச் சாப்பாடும் போட்டார்கள். ஒன்பதாவதாகத் தர்மினி வந்தாள்.

தர்மினி என் மனைவி. யாழ்ப்பாணத்தை அவளும் பார்த்ததில்லை, அவள் அப்பாவும் பார்த்ததில்லை. சாதாரண நாளில் எல்லாப் பினாங்குக்காரர்களையும்போல ‘லா’ போட்டுத்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும், கொள்ளுத்தாத்தா கப்பலேறிய ஊர் அவள் வாயில் வந்து இறங்கும்.

“இஞ்சாருங்கோ. இண்டையோட உங்கட குடி முடிஞ்சுது.”

முடிந்தது. ஏமாற்றவும் வழியில்லை. கல்யாணமான நாள் முதலாக, நான் வேலை முடிந்து வந்தால் வாசல் இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று “ஊதுங்க” என்பாள். ஊதவேண்டும். அதன் பிறகுதான் பூட்டு திறக்கும். முன்பெல்லாம் ஒரு கிளாஸ் வரை மன்னிப்பு இருந்தது. சீனக் கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் ரத்து. ஏலக்காய் மென்று பார்த்தேன். கிராம்பு மென்று பார்த்தேன். கடைசியில் ஒருநாள் எந்த வாசனையையும் அமுக்கிவிடும் என்று நம்பி, டுரியான் பழத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தேன்.

“ஊதுங்க.”

ஊதினேன். பக்கத்து வீட்டுப் பூனை எழுந்து போய்விட்டது.

“பாலிக் பூலாவ் தோட்டத்து டுரியான். கசப்பு ஜாதி” என்றாள்.

“பாத்தியா! டுரியான்தான்லா சாப்பிட்டேன்.”

“அதுக்கு அடியில பிராந்தி. ரெண்டு கிளாஸ். ஐஸ் போடல.”

“சும்மா சொல்லாத.”

“ஜெலுத்தோங்ல, கந்தப்பு அண்ணன் வீட்டுல. தொட்டுக்க நெத்திலி. கொஞ்சம் கருகிப் போச்சு போல.”

கருகித்தான் போயிருந்தது. அன்றைக்கு நான் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டுத் தூங்கினேன்.

இப்படி இருக்கையில்தான் எங்கள் கல்யாணத்தின் வெள்ளிவிழா வந்தது. தர்மினியின் ஒன்றுவிட்ட அக்கா செல்வநாயகி பாரிஸில் இருக்கிறார். வா வா என்று வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறார். தர்மினிக்கு ஆசை. எனக்கு அதைவிட ஆசை, வேறு காரணத்துக்கு. கணினியில் தேடிப் பிடித்தேன். பர்கண்டி என்ற ஊர்ப்பக்கம், திராட்சைத் தோட்டத்து நடுவில், வைனையும் சீஸையும் ருசிபார்க்கச் சொல்லித்தரும் இரண்டு நாள் வகுப்பு. எந்த வைனுக்கு எந்த சீஸ் பொருத்தம் என்பதுதான் பாடம். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தர்மினி, இது குடி இல்ல. கல்வி.”

“எந்தக் கல்வி?”

“கலாச்சாரம்மா. பிரான்ஸ்ல பெரிய பெரிய ஆளுங்க இதுக்குப் பரீட்சை எழுதுறாங்க. என்னைப் போல ஒரு காப்புறுதிக் கம்பெனி அதிகாரிக்கு இது தெரியணும். நாளைக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்தா என்ன பேசுவேன்?”

“இத்தனை வருஷத்துல எந்த வெள்ளைக்காரன் வந்தான்?”

“வைன் தெரியாததாலதான் வரல.”

அவள் யோசித்தாள். நான் அடுத்த அம்பை விட்டேன்.

“வகுப்பு தொடங்குறது வெள்ளிக்கிழமை. உன் விரதத்துக்கும் தோஷம் இல்ல. வைன் திராட்சை. சீஸ் பால். சுத்த சைவம்லா!”

“நானும் வகுப்புல உக்காருவேன். சம்மதமா?”

சம்மதம் என்றேன். அவளுக்கு வைன் என்றால் வினிகர். பாதியில் தூங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அடுத்த சில வாரங்கள் இரவு பகலாக வீடியோ பார்த்தேன். வைனைச் சும்மா நன்றாயிருக்கிறது என்று சொல்லக் கூடாதாம். ஈரக் கல் வாசனை, பழைய தோல் வாசனை, புகையிலை வாசனை என்று சொல்லவேண்டுமாம். மழையில் நனைந்த செருப்பை வர்ணிக்கிற மாதிரி இருந்தது. இருந்தாலும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

பர்கண்டியில் எங்கள் ஆசிரியை மதாம் ஒதேத். வெள்ளை முடி, நிமிர்ந்த முதுகு, சுத்தமான ஆங்கிலம். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஆறு கிளாஸ். ஆறிலும் வைன். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு வாளி. ஐஸுக்கு என்று நினைத்தேன்.

மதாம் முதல் கிளாஸை எடுத்தார். சுழற்றினார், மோந்தார், ஒரு வாய் உறிஞ்சினார். கன்னம் இரண்டும் குலுங்கக் கொப்பளித்தார். பிறகு வாளியை எடுத்து, ஒரு சொட்டுச் சிதறாமல் உள்ளே துப்பினார்.

அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த தர்மினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, துப்புறாங்க!”

“பல்லுல ஏதாவது மாட்டியிருக்கும்.”

அவள் கையைத் தூக்கி மதாமையே கேட்டுவிட்டாள். மதாம் சிரித்தார். ருசிபார்க்கக் கற்றுக்கொள்கிறவர் விழுங்கமாட்டார், நாக்குதான் படிக்கவேண்டும், வயிற்றுக்கு இதில் வேலையில்லை என்று விளக்கினார்.

“அப்போ விழுங்குறவங்க?” என்று தர்மினி கேட்டாள்.

“அவர்கள் வெறுமனே குடிக்கிறவர்கள், மதாம்.”

தர்மினி என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் யாழ்ப்பாணத்துக் கங்கேசன்துறைத் துறைமுகமே தெரிந்தது.

“கேட்டியளோ? நீங்கள் படிக்கத்தானே வந்தனீங்கள்?”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள். எனக்கு வாய்க்கும் எட்டியது. தொண்டைக்குத்தான் எட்டவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் தர்மினி என் குரல்வளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கினால் தொலைந்தேன். முதல் கிளாஸைத் துப்பினேன். இரண்டாவதைத் துப்பினேன். மூன்றாவது அவ்வளவு நல்ல வைன், துப்பும்போது மனசு பாரமாகிவிட்டது.

போகட்டும், சீஸாவது மிஞ்சும் என்று ஒரு பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டேன். எங்கள் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுகிற தர்மினியால் சும்மா இருக்க முடியுமா?

“மதாம், பாலை எப்படி உறைய வைப்பீங்க? உறைமோர் ஊத்துவீங்களா?”

மதாமுக்கு ஒரே சந்தோஷம். இதுவரை யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லையாம். மோர் இல்லை, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் சாறு என்றார். மூன்று தலைமுறையாக மாட்டிறைச்சி படாத வாய் எங்களுடையது. அதுவும் வெள்ளிக்கிழமை. நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

“துப்புங்கோ.”

வாளியை எடுத்தேன். இத்தனை ஆயிரம் மலேசிய வெள்ளி செலவழித்து, கடல்தாண்டி பிரான்சுக்குப் போய், வயிற்றுக்குள் ஒன்றும் இறங்காமல் திரும்பிய ஒரே பினாங்கு ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் மானத்தைக் காப்பாற்ற மனப்பாடம் இருந்தது. மதாம் நான்காவது கிளாஸில் என்ன தெரிகிறது என்று கேட்டதும், கைக்கு எட்டிய கிளாஸை எடுத்து மோந்து முந்திக்கொண்டேன்.

“ஈரக் கல். பழைய தோல். தூரத்தில் புகையிலை.”

“அது தண்ணீர், முசியே. வாய் கழுவ வைத்தது.”

தர்மினி அடுத்த கிளாஸை எடுத்தாள். மூக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் கொண்டுபோனாள். வாசல் கதவில் நிற்கிறபோது இருக்கும் அதே முகம், அதே கண். ஒரு வாய் எடுத்தாள். மதாமைவிட நேர்த்தியாகத் துப்பினாள்.

“பழைய புளி. கொஞ்சம் ஜாதிக்காய். அடியில மழை பெஞ்ச மாட்டுக் கொட்டகை. ரெண்டாவது கிளாஸும் இதுவும் ஒரே வைன், வேற வேற போத்தல். அது நேத்தே தொறந்தது. இது இன்னைக்குக் காலையில.”

மதாம் எழுந்துவிட்டார். போத்தல்களை எடுத்துப் பார்த்தார். சரியாக அப்படியே இருந்தது. முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இப்படி ஒரு மூக்கைப் பார்த்ததில்லை என்று தர்மினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?”

தர்மினி என்னைக் காட்டினாள்.

“இவரு வாயில. தினமும் சாயங்காலம்.”

எலியைப் பார்க்கிற ஆராய்ச்சியாளர் மாதிரி மதாம் என்னை மரியாதையோடு பார்த்தார். சர்டிபிகேட்டில் அவளுக்கு ‘மிகச் சிறப்பு’. எனக்கு ‘கலந்துகொண்டார்’.

நான் அதற்கெல்லாம் அசருகிறவனா? ஊர் திரும்பியதும் ஜெலுத்தோங்குக்குப் போய்க் கந்தப்பு அண்ணனைப் பார்த்தேன். மாதம் ஒருமுறை ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு உணவகத்தில் கூடுவது, சங்கத்துக்கு ‘சுவைஞர் வட்டம்’ என்று பேர் வைப்பது, தலைவர் நான் என்று திட்டம் போட்டோம். சங்கத் தலைவரை எந்த மனைவி குடிகாரன் என்பாள்?

“யோசனை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன்னு சொல்ல ஆள் வேணும்லா” என்றார் கந்தப்பு அண்ணன்.

“நான் இருக்கேன்லா, அண்ணே.”

“நீ தண்ணியில புகையிலை கண்டுபிடிச்ச ஆளாமே? தர்மினி சொல்லிச்சி.”

பாரிஸிலிருந்தே போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். ஆக, முதல் கூட்டத்துக்குத் தலைவி தர்மினி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். இருபது பேர். நீள மேசை. செடியிலிருந்து எடுத்த உறை ஊற்றிய சீஸாகத் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்தாள். கூடவே காய்கறி அச்சார், ஜாதிக்காய் ஊறுகாய், கிண்ணம் கிண்ணமாகப் புளிச்சாறு ஊற்றிய நூடுல்ஸான அசாம் லக்சா. மேசை நடுவில் பிரெஞ்சுப் போத்தல்கள் வரிசையாக நின்றன. நாக்கு ஊறியது.

“தங்கச்சி, நாங்களும் துப்பணுமா?” என்று கந்தப்பு அண்ணன் பயந்துகொண்டே கேட்டார்.

“ஐயோ, நீங்க விருந்தாளிலா அண்ணே. தாராளமா விழுங்குங்க. படிக்கிறவங்கதான் துப்பணும்.”

நான் எழுந்து நின்றேன். இத்தனை நாள் காத்திருந்த கதவு திறந்துவிட்டது.

“சபையோரே! நான் படிப்பை விட்டுட்டேன். இன்னையிலேருந்து நானும் விருந்தாளி!”

எல்லோரும் கைதட்டினார்கள். தர்மினி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“சரி. விருந்தாளிக்குச் சட்டம் ஒண்ணுதான். உங்க தட்டுக்கு எது பொருத்தம்னு நான் சொல்லுவேன். அதைத்தான் குடிக்கணும். மறுபேச்சு இல்ல. சம்மதமா?”

“சம்மதம்!” என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் நான்.

ஏனென்றால் எனக்குப் பாடத்தில் ஒரே ஒரு வரி நன்றாக நினைவிருந்தது. நீலப் பூஞ்சை ஓடிய சீஸ் தட்டில் இருந்தால் இனிப்பு வைன் கொடுத்தே ஆகவேண்டும். அது பிரான்ஸ் நாட்டுச் சம்பிரதாயம். அதனால் வேறெதையும் தொடாமல் நீல சீஸை மட்டும் அடுக்கி வைத்துக்கொண்டேன். இதற்கு அவள் வேறு எதைச் சொல்ல முடியும்?

தர்மினி ஒவ்வொரு தட்டாக மோந்துகொண்டு வந்தாள். லக்சாவுக்கு அல்சாஸ் வெள்ளை வைன். அச்சாருக்கு ரோஸ் வைன். அவள் சொல்லச் சொல்லப் பரிசாரகர் ஊற்றினார். குடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆகா என்றார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த கந்தப்பு அண்ணனுக்குப் பர்கண்டி சிவப்பு. நான் மூன்றாவதாகத் துப்பிய அதே ஜாதி.

என் முறை வந்தது. தட்டை நீட்டினேன். பரிசாரகர் இனிப்பு வைன் போத்தலைச் சாய்த்தபடியே தயாராக நின்றார்.

தர்மினி குனிந்து தட்டை மோந்தாள். நிமிர்ந்து என்னை மோந்தாள்.

“சீஸ் நல்லா முத்தினது. உப்பு ஜாஸ்தி, கொழுப்பு ஜாஸ்தி. சாப்பிடுற ஆளும் அதே ஜாதி. ரெண்டும் சேர்ந்தா தாங்காது. இதுக்குப் பொருத்தம் பார்லித் தண்ணி. சுடச்சுட. சீனி வேணாம்.”

“கேட்டியா தம்பி, என்ன பொருத்தம், என்ன பொருத்தம்!” என்று தலையை ஆட்டி ரசித்த கந்தப்பு அண்ணன், எனக்கென்று வைத்திருந்த கிளாஸை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.